பின்லாந்துக்கு ஒரு மதிப்பெண்

லோய்மா, பின்லாந்து
பிப்ரவரி 19

அன்புள்ள அக்கா,

முதலில் சண்டை, பிறகு சேதி. உறையின் மேல் "திருமதி ஹெல்கா லுண்டின்" என்று எழுதும்போது ஒவ்வொரு தடவையும் என் பேனா முரண்டு பிடிக்கிறது. லுண்டின் சரி. பெங்க்ட் அத்தானைக் கட்டிக்கொண்டாய், அவர் குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஹெல்வி எப்படி ஹெல்கா ஆனாள்? அம்மா உயிரோடு இருந்திருந்தால் இந்த உறையைப் பார்த்து, "யாருடா இந்த ஸ்வீடன்காரி?" என்று கேட்டிருப்பாள். சண்டை முடிந்தது.

சேதி இதுதான்: இந்த வருஷம் ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் பின்லாந்தின் பாட்டு என்னுடைய பாட்டு! நேற்று ஹெல்சிங்கியில் தேர்வு நடந்தது. பெயரை அறிவித்தபோது நான் கழிப்பறையில் இருந்தேன். பாடகிப் பெண் செய்யா கதவைத் தட்டி, "ரெய்னோ சார், ஜெயிச்சுட்டோம், வெளிய வாங்க" என்று கத்தினாள். பஸ் ஓட்டுகிறவன் பாட்டு, டப்ளின் மேடையில், ஐரோப்பா முழுக்கப் பார்க்கப் போகிறது.

எந்தப் பாட்டு என்று நீ கேட்கவில்லையே என்று நானே சொல்கிறேன். உன் பாட்டுதான். துர்க்கு துறைமுகத்தில் நீ கப்பல் ஏறின அன்று, கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகும் நான் கையை ஆட்டிக்கொண்டே நின்றேன் என்று இத்தனை வருஷமாகக் கேலி செய்கிறாயே, அதுதான். "துறையில் நிற்கிறேன், கையை இறக்கவில்லை." பல்லவி அவ்வளவுதான். இரண்டு சரணம். இரண்டாவது சரணம்தான் உயிர். அதைக் கடிதத்தில் எழுத மாட்டேன், டிவியில் கேள்.

தொலைக்காட்சி நிலையத்தில் கிவெலா என்று ஒரு நிகழ்ச்சி மேலாளர். அவருக்கு இப்போதே என் அக்கார்டியன் வாசிப்பு பிடிக்கவில்லை. பார்ப்போம்.

அத்தானுக்கு என் விசாரிப்பு.

உன் தம்பி,
ரெய்னோ


பொரோஸ், ஸ்வீடன்
மார்ச் 5

அன்புத் தம்பி ரெய்னோவுக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே மூன்று முறை படித்தேன். காபி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பெங்க்ட் வந்து பார்த்துவிட்டு, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

பெயர் விஷயத்தில் உன்னோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை. நீ இங்கே வாழ்ந்து பார்த்தால் தெரியும். பஸ்ஸில் இரண்டு பேர் நம் பாஷையில் பேசினால் முன்னால் இருப்பவள் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறாள். எங்கே சண்டை நடந்தாலும், "பின்லாந்துக்காரனாத்தான் இருப்பான், குடிச்சிருப்பான்" என்பார்கள். நெசவாலையில் சேர்ந்த முதல் நாள் மேஸ்திரி பெயரைக் கேட்டார். "ஹெல்" என்றதும் மீதி வாயில் வரவில்லை. "ஹெல்கா" என்றேன். பதினான்கு வருஷமாக அங்கே நான் ஹெல்கா. எந்த ஊர் என்று யாராவது கேட்டால் வடக்கே எங்கேயோ என்று சொல்லிவைத்திருக்கிறேன். அந்த உறையைப் பக்கத்து வீட்டுக்காரியும் பார்ப்பாள், அதனால்தான்.

உனக்கு ஒரு டை அனுப்பியிருக்கிறேன். மஞ்சள், பட்டு, எங்கள் ஆலைத் துணி. மேடையில் அதைக் கட்டிக்கொள். கூட்டத்தில் நீ எங்கே நிற்கிறாய் என்று நான் தேட வேண்டாம்.

அந்த இரண்டாவது சரணத்தை இப்போதே எழுதி அனுப்பினால் குறைந்தா போவாய்?

உன் அக்கா,
ஹெல்வி


லோய்மா
ஏப்ரல் 3

அன்புள்ள அக்கா,

டை வந்தது. பஸ்ஸில் கட்டிக்கொண்டு ஓட்டினேன். பென்டி கிழவர் ஏறினார். ஒன்பது வருஷமாக ஏறுகிறார், இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. டையைப் பார்த்தார். "ம்" என்றார். இந்த ஊரில் அது பெரிய பாராட்டு.

மற்றபடி எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறி நிற்கிறது. பாட்டு மூன்று நிமிஷத்தைத் தாண்டக் கூடாதாம், போட்டி விதி. என் பாட்டு மூன்று நிமிஷம் இருபது விநாடி. கிவெலா என்ன செய்தார் தெரியுமா? இரண்டாவது சரணத்தை வெட்டிவிட்டார்! "ஐயா, அதுதான் பாட்டோட உசுரு" என்றேன். "ரெய்னோ, ஐரோப்பாவுல யாருக்கும் நம்ம பாஷை புரியாது. உசுரு எங்க இருக்குன்னு யார் தேடப் போறாங்க?" என்கிறார்.

அதோடு விட்டாரா? டிரம்ஸ் சேர்த்தார். செய்யாவுக்கு வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஒரு கால்சட்டை தைத்திருக்கிறார்கள். பிரிவுப் பாட்டு பாடுகிற பெண், அதைப் போட்டுக்கொண்டால் தகரக் குழாய் மாதிரி இருக்கிறாள். அவளே என்னிடம், "சார், இதுல உக்கார முடியல, அழுறது எப்படி?" என்றாள். என் அக்கார்டியனை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நானே மேடையில் வாசிக்கிறேன்.

இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை. நிகழ்ச்சி முடிந்ததும் டப்ளினிலிருந்து உனக்கு போன் போடுகிறேன். போன தடவை உங்கள் நேரம் எங்களைவிட ஒரு மணி பின்னால் என்பதை மறந்து, அத்தானைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டேன். இந்தத் தடவை கணக்குப் பார்த்துக் கூப்பிடுகிறேன்.

தம்பி,
ரெய்னோ


பொரோஸ்
ஏப்ரல் 13

அன்புத் தம்பிக்கு,

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு போன் போடாதே. நான் ஸ்டாக்ஹோம் போகிறேன். ஆலை வழியாக வந்த ஒரு வேலை. என்ன வேலை என்று கேட்காதே, சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உன் பாட்டை நான் பார்க்காமல் விடமாட்டேன், அது மட்டும் சத்தியம்.

வெட்டியதை நினைத்து மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. மேடை ஏறும்போது இந்தப் பக்கம் உனக்காக ஒரு ஆள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள். எனக்கு இப்போதெல்லாம் ஒரே படபடப்பு.

நல்லது நடக்கும், பார்.

அக்கா,
ஹெல்வி


லோய்மா
ஏப்ரல் 27

அன்புள்ள அக்கா,

நீ பார்த்திருப்பாய். பார்க்காதவர்கள் பேப்பரில் படித்திருப்பார்கள். முதல் பக்கத்தில் ஒரு பெரிய முட்டை, அதற்கு மேல் என் மஞ்சள் டை தெரிகிற போட்டோ.

சைபர்.

ஒவ்வொரு நாடாக போனில் வந்து புள்ளிகளைப் படித்தது. மேடைக்குழுவும் கிவெலாவுமாக நாங்கள் ஆறு பேரும் ஒரு சோபாவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஐந்தாறு நாடு வரைக்கும் சிரித்தோம். பிறகு செய்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்வீடன் வந்தபோது கிவெலா நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்ப வரும் பாருங்க, பக்கத்து வீட்டுக்காரன்" என்றார். ஸ்வீடன் பத்துப் பாட்டின் பெயரைச் சொன்னது. நம் பெயர் இல்லை. செய்யா எழுந்து போய்விட்டாள். அந்தக் கால்சட்டையோடு மழையில் ஓட்டல் வரைக்கும் நடந்தே போயிருக்கிறாள். இருபத்தியொரு வயசு. என் பாட்டைப் பாடித்தான் அந்தப் பெண்ணுக்கு இந்தக் கதி.

திங்கட்கிழமை பஸ் எடுத்தேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டே ஏறினார்கள், சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி. பென்டி கிழவர் மட்டும் இறங்கும்போது என் பக்கம் திரும்பினார். "பரவாயில்ல. பஸ்ஸ நேரத்துக்கு ஓட்டுற" என்றார். ஒன்பது வருஷத்தில் அவர் பேசிய முதல் வாக்கியம்.

நீ ஒரு வரி எழுது அக்கா. நீ பார்த்தாயா? எப்படி இருந்தது? உனக்காவது பிடித்ததா?

ரெய்னோ


பொரோஸ்
மே 6

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறோம். இங்கே வெயில் வந்துவிட்டது. பெங்க்ட் பால்கனிக்குப் பெயின்ட் அடிக்கிறார். ஆலையில் புதுத் தறிகள் வந்திருக்கின்றன, சத்தம் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


லோய்மா
மே 15

அக்கா,

இது என்ன கடிதமா, வானிலை அறிக்கையா? நான் கேட்டது என்ன, நீ எழுதியிருப்பது என்ன? பால்கனி பெயின்ட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நீ என்னை நினைத்து வெட்கப்படுகிறாய், அதுதானே? சொல்லிவிடு. ஊரே வெட்கப்படுகிறது, நீ மட்டும் ஏன் பாக்கி?

மூன்று வாரமாக எனக்குள் ஒன்று கொதிக்கிறது. மற்ற நாட்டுக்காரர்களை விடு. அவர்களுக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. ஆனால் ஸ்வீடன்? அவர்கள் கார் உருவாவது நம் ஆட்களின் கையால். அவர்கள் ஆஸ்பத்திரியில் தரை துடைப்பது நம் பெண்கள். லட்சக்கணக்கில் அங்கே இருக்கிறீர்கள். அந்த நடுவர் அறையில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்களாம், சாதாரண ஜனங்களிலிருந்து பொறுக்கி எடுத்தவர்கள். அதில் ஒருத்தருக்காவது நம் பாஷை தெரிந்திருக்கக் கூடாதா? ஒரே ஒருத்தர் புரிந்து கேட்டிருந்தால் போதும் அக்கா. ஜெயிக்க வேண்டாம். ஒரு புள்ளி. சைபர் இல்லை என்று சொல்லிக்கொள்ள ஒரு புள்ளி.

நடன அரங்கில் என்னை இனி வாசிக்கக் கூப்பிடுவார்களா என்று தெரியவில்லை. போன சனிக்கிழமை கூப்பிட்டார்கள், குடித்த ஒருவன் "சைபர் பாட்ட வாசி!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். வாசித்தேன். ஆடினார்கள்.

பதில் எழுதினால் எழுது.

ரெய்னோ


பொரோஸ்
மே 28

ரெய்னோ,

ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

நம் பாஷை தெரிந்த ஒருத்தி அந்த அறையில் இருந்தாள். நான்தான்.

தொலைக்காட்சியிலிருந்து ஆலைக்குக் கடிதம் வந்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட, நெசவு வேலை செய்கிற பெண் ஒருத்தி நடுவர் குழுவுக்கு வேண்டுமாம். மேஸ்திரி என் பெயரைக் கொடுத்தார், ஹெல்கா லுண்டின். வந்த படிவத்தில் "போட்டியாளர் யாருக்காவது உறவா?" என்று ஒரு கேள்வி. "இல்லை" என்று எழுதினேன். பொய்தான். தெரிந்தே எழுதினேன். உனக்கு ஐந்து போட வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

முறை இதுதான். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஆளுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் எழுதிச் சீட்டை மடித்துக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி, மேலே வரும் பத்துப் பாட்டுக்குத்தான் நாட்டின் புள்ளிகள். பதினோராவதுக்கு ஒன்றுமில்லை. நீங்கள் மேடைக்கு வருவதற்கு முன்பே நான் பென்சிலால் ஐந்து என்று எழுதி, மேலே கையை வைத்து மூடிக்கொண்டேன்.

நீ வந்தாய். டை தெரிந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் மால்மோவிலிருந்து வந்த ஒரு செருப்புக் கடைக்காரர். "அந்த அக்கார்டியன்காரன் டையைப் பாருங்க, வாழைப்பழத்த உரிச்சு மாட்டிக்கிட்ட மாதிரி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். செய்யா பாட ஆரம்பித்தாள். பின்னால் ஒரு பெண், "இந்த பாஷையில காதலிக்க முடியுமா? கத்திச் சண்டைதான் போடலாம்" என்றாள். இன்னொருவன் பல்லவியை வாய்க்கு வந்தபடி கூடவே பாடினான், குடித்தவன் குரலில். அறையே சிரித்தது.

நானும் சிரித்தேன் ரெய்னோ.

செருப்புக் கடைக்காரர் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் சொன்னது இது: "நல்லவேளை, ஒரு வார்த்தைகூட புரியல."

என் பாட்டு. நான் ஏறின கப்பல். நீ இறக்காத கை. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது, அந்தப் பெண்ணுக்கு மூச்சு முட்டியதுகூடக் கேட்டது. சீட்டு வாங்க ஆள் வந்தபோது செருப்புக் கடைக்காரர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பென்சிலின் பின்பக்க ரப்பரால் ஐந்தை அழித்தேன். ஒன்று என்று எழுதினேன்.

கடைசியில் தலைவர் கூட்டலைச் சத்தமாகப் படித்தார். பத்தாவது இடத்துக்கு இருபத்துநான்கு. பதினோராவது பின்லாந்து, இருபத்தொன்று. மூன்று குறைவு. நான் குறைத்தது நான்கு.

நீ ஒரு புள்ளி கேட்டாய். அந்தப் புள்ளி என் கையில் இருந்தது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

ஹெல்வி


லோய்மா
ஜூன் 5

மதிப்பிற்குரிய திருமதி ஹெல்கா லுண்டின் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. விவரங்களைத் தெரிந்துகொண்டேன்.

மற்ற பத்துப் பேரும் எங்களுக்கு ஒன்றோ இரண்டோ போட்டிருப்பார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களுக்குப் புரியவில்லை. பொய் சொல்லி நீங்கள் ஐந்து போட நினைத்ததும் எனக்கு வேண்டியதில்லை. பாட்டைக் கேட்டுவிட்டு மூன்று என்று நினைத்து மூன்று போட்டிருந்தாலும் தலை வணங்கியிருப்பேன். நீங்கள் பாட்டுக்கு மதிப்பெண் போடவில்லை. செருப்புக் கடைக்காரருக்குப் போட்டீர்கள்.

டை தனிப் பொட்டலத்தில் வருகிறது.

இப்படிக்கு,
ரெய்னோ


பொரோஸ்
ஜூன் 12

ரெய்னோ,

டை வந்தது. நீ அதை இஸ்திரி போட்டு அனுப்பியிருக்கிறாய். கோபத்திலும் உனக்கு இஸ்திரி போட வருகிறது. அதைப் பார்த்துத்தான் அதிகம் அழுதேன்.

நேற்று ஆலைச் சாப்பாட்டு அறையில் எழுந்து நின்றேன். "ஒரு விஷயம் சொல்லணும். நான் ஹெல்கா இல்ல. என் பேரு ஹெல்வி. நான் பின்லாந்துக்காரி" என்றேன். பெரிய இடி விழும் என்று நினைத்தேன். எதிரில் இருந்த உல்லா வாயில் ரொட்டியோடு என்னைப் பார்த்தாள். "அது தெரியுமே" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நூல்கண்டு எண்ணும்போது நீ உங்க பாஷையிலதான எண்ணுற? பதினாலு வருஷமா கேக்குறோம். நீயா சொல்ற வரைக்கும் கேக்க வேணாம்னு மேஸ்திரி சொன்னாரு" என்றாள். பிறகு உப்பைத் தன் பக்கம் தள்ளச் சொன்னாள்.

அவ்வளவுதான் ரெய்னோ. பதினான்கு வருஷம் யாரிடமிருந்து ஒளிந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை மூடி வைக்கத்தான் உன் பாட்டை அழித்தேன். என் மேலேயே எனக்கு வரும் ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

படிவத்தில் பொய் எழுதியதைத் தொலைக்காட்சிக்கும் கடிதம் போட்டுத் தெரிவித்துவிட்டேன். என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். செய்யாவுக்கும் எழுதியிருக்கிறேன், அவள் விலாசம் தெரியாததால் உள்ளே வைத்திருக்கிறேன். விருப்பம் இருந்தால் அவளிடம் கொடு.

வீட்டுக் கதவில் பெயர்ப்பலகையை மாற்றியாயிற்று. பெங்க்ட்தான் ஆணி அடித்தார். "இந்தப் பேரத்தானே நான் கட்டிக்கிட்டேன்" என்றார்.

நடுக்கோடைத் திருநாளுக்கு வருகிறேன். ஜூன் இருபத்திரண்டு, வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கப்பல் துர்க்கு துறைக்கு வரும். நீ வர வேண்டும் என்று கேட்கவில்லை. வராவிட்டால் அம்மாவின் கல்லறைக்குப் போய்விட்டு அடுத்த கப்பலில் திரும்பிவிடுவேன். எதையும் சொல்லாமல் செய்கிற பழக்கத்தை நிறுத்த வேண்டும், அதற்காகத்தான் எழுதினேன். பதில் போட வேண்டிய கட்டாயமில்லை.

வெட்டிப்போட்ட அந்தச் சரணம் என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது. கேட்கும் யோக்கியதையும் இப்போது இல்லை.

ஹெல்வி


லோய்மா
ஜூன் 17

அக்கா,

கோபம் போகவில்லை. எப்போது போகும் என்றும் தெரியவில்லை. போய்விட்டது என்று பொய் எழுத எனக்கு வராது. செய்யாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்தாள். மடித்துப் பையில் வைத்தாள்.

உறையின் மேல் ஹெல்வி என்று எழுதியிருக்கிறேன். உங்கள் ஊர்த் தபால்காரன் கொண்டுவந்து போடுகிறானா பார்ப்போம்.

சரணத்தைக் கடிதத்தில் எழுத மாட்டேன் என்று பிப்ரவரியிலேயே சொன்னேன். வியாழக்கிழமை காலை துர்க்கு போகும் பஸ் நடை எனக்குத்தான். திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இருக்காது. முன் சீட்டில் உட்கார், பாடிக் காட்டுகிறேன். பென்டி கிழவர் இருந்தால் அவரும் கேட்கட்டும். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்.

இன்னொன்று. கப்பல் ஏழு மணிக்கு வராது. எட்டு மணிக்குத்தான் வரும். நீ ஸ்வீடன் நேரத்தை எழுதியிருக்கிறாய். நல்லவேளை, நான் கவனித்தேன். இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் துறையில் கையை ஆட்டிக்கொண்டு நின்றிருப்பேன். கப்பலில் ஏறியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வை.

தம்பி,
ரெய்னோ